பக்கத்துத் தட்டுச் சோறு

வீட்டில் இரண்டு மூன்று நாய் வளர்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. சோறு வைத்ததும் ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதன் தட்டில் இன்னொன்று வாய் வைத்தால் போதும், பாய்ந்து வந்து அவக் அவக்கென்று விழுங்கும். பசியல்ல, போட்டி!

நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் ஏறக்குறைய 1,700தான். ருசியைவிட வாசனைதான் அதை இழுக்கும். ஆறிப்போனதென்று ஒதுக்கிய சோற்றையே வெதுவெதுப்பாக்கி, உப்பில்லாத கறிச்சாறு ஊற்றிப் பாருங்கள், தட்டை நக்கித் துடைத்துவிடும்.

கவலைப்பட வேண்டியது அந்த வேக விழுங்கலுக்குத்தான். சிப்பிப்பாறை போல நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

தட்டுகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்: ஒன்று அடுக்களை ஓரம், ஒன்று திண்ணை. தின்னும்போது உறுமுகிற நாயின் அருகே குழந்தைகளை விடவே கூடாது. மிச்சச் சோறு போடுகிறீர்களா? வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்தால் போதாது, குழம்பில் இறங்கிய வெங்காயச் சாறும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்து உலர்திராட்சை சிறுநீரகத்தையே முடக்கிவிடலாம்.