பள்ளி இறுதித் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண்: கேரளத்தின் புதிய விதி

பத்தாம் வகுப்பில் தேறியவர் என்னும் சான்று நம் நாட்டில் கல்வித் துறைக்கு மட்டும் உரிய பத்திரம் அன்று. அஞ்சல் துறையில் கிராமப்புற அஞ்சல் ஊழியர்கள் எழுத்துத் தேர்வின்றி, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை நான்கு தசம இலக்கம் வரை கணக்கிட்டே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வளைகுடா நாடு ஒன்றுக்கு வேலை தேடிச் செல்லும் தொழிலாளி, 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அரசின் முன் அனுமதி பெற வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பதிலும் இச்சான்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே, தேர்ச்சிக்கு இன்ன மதிப்பெண் என்று ஒரு மாநில அரசு விதிக்கும்போது, பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியேயும் பலருடைய வாழ்வு அதனால் பாதிக்கப்படுகிறது.

இத்தகைய விதியொன்றைக் கேரள அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஏற்றது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாகக் குறைந்தது 30 சதவீத மதிப்பெண் பெறவேண்டும் என்பதே அது. 2024-25 இல் எட்டாம் வகுப்பிலும், 2025-26 இல் ஒன்பதாம் வகுப்பிலும், 2026-27 இல் பத்தாம் வகுப்பிலும் விதியைப் படிப்படியாகக் கொண்டுவர முடிவாயிற்று. முதலாண்டில் எட்டாம் வகுப்பில் பயின்ற மாணவர்களே மூன்றாம் ஆண்டில் பொதுத்தேர்வை எதிர்கொள்வார்கள் என்பது இந்தக் கால வரிசையின் பொருள்.

பழைய ஏற்பாட்டில் என்ன குறை? கேரளத்துப் பள்ளி இறுதித் தேர்வில் 100 மதிப்பெண்ணுக்குரிய பாடத்தில் 80 எழுத்துத் தேர்வுக்கும், 20 ஆண்டு முழுவதும் பள்ளியிலேயே நடைபெறும் தொடர் மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. 50 மதிப்பெண் பாடத்தில் இவை முறையே 40, 10 ஆகும். இரண்டையும் கூட்டி 30 சதவீதம் வந்தால் மாணவர் மேற்படிப்புக்குத் தகுதியுடையவராவார். தொடர் மதிப்பீட்டில் பெரும்பாலான பள்ளிகள் முழு மதிப்பெண்ணையும் வழங்கிவிடுவது வழக்கமாயிற்று. அவ்வாறு 20 மதிப்பெண் கையில் வந்துவிட்டால், எழுத்துத் தேர்வில் 80 க்கு 10 எடுத்தாலே போதும். புதிய விதிப்படி அவர் 80 க்கு 24 எடுக்கவேண்டும். தேவைப்படும் மதிப்பெண் இரு மடங்குக்கும் மேலாக உயர்கிறது.

இதன் விளைவைத் தேர்ச்சி விகிதங்களில் காணலாம். 2024 இல் கேரளத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வில் 99.69 சதவீதத்தினர் தகுதி பெற்றனர். அதே ஆண்டு மேனிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் தேர்ச்சி பெற்றோர் 78.69 சதவீதத்தினரே. மேனிலைத் தேர்வில் எழுத்துத் தாளுக்குத் தனியாக 30 சதவீதம் வேண்டும் என்ற விதி முன்பே உண்டு. பாடங்களின் கடினமும் வேறு காரணங்களும் இந்த வேறுபாட்டில் கலந்திருக்கின்றன என்பது உண்மையே. எனினும் பத்தாம் வகுப்பில் தடையின்றிக் கடந்துவந்த மாணவர் ஒருவர், தம் குறையை இரண்டு ஆண்டு கழித்துத்தான், அதுவும் திருத்திக்கொள்ள அவகாசம் இல்லாத இடத்தில், முதன்முறையாக அறிகிறார் என்று கொள்வதில் தவறில்லை.

பழைய சிந்தனையின் வழியில்

இவ்வளவு தளர்வான விதி எப்படி வந்தது என்று கேட்கலாம். அது கவனக்குறைவால் வந்ததன்று. அதற்குப் பின்னால் மதிக்கத்தக்க கல்விச் சிந்தனை ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்வி ஆணையம் (1952-53), புறத்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும், பள்ளியில் வைக்கப்படும் பதிவேட்டின் சாரத்தையும் இறுதிச் சான்றில் சேர்க்கவும் பரிந்துரைத்தது. கோத்தாரி ஆணையம் (1964-66) இன்னும் ஒரு படி மேலே சென்றது. சான்றில் ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் பெற்ற நிலையைக் குறித்தால் போதும், தேர்வு முழுவதிலும் அவர் தேறினார் அல்லது தவறினார் என்ற குறிப்பே தேவையில்லை என்பது அதன் கருத்து. தரநிலை எழுத்துகளைத் தாங்கி, 'மேற்படிப்புக்குத் தகுதியுடையவர்' என்று கூறும் கேரளச் சான்று இக்கருத்தையே ஓரளவு பின்பற்றுகிறது.

ஆயினும் அந்த ஆணையங்கள் எதிர்பார்த்த பள்ளிப் பதிவேடு நேர்மையாகவும் உழைப்புடனும் எழுதப்பட வேண்டியது. எல்லார்க்கும் முழு மதிப்பெண் என்று ஆகிவிட்ட மதிப்பீடு எவரைப் பற்றியும் எதையும் தெரிவிப்பதில்லை. நன்றாகப் படிக்கும் மாணவருக்கும் அதனால் இழப்பே. பெருந்தொகையினர் உச்சத் தரநிலையில் குவியும்போது, மேனிலை வகுப்பில் விரும்பிய பாடப்பிரிவுக்கான இடம் சிறிய வேறுபாடுகளால் நிர்ணயமாகிறது. மலப்புறம் முதலிய வட மாவட்டங்களில் மேனிலை இடப் பற்றாக்குறை ஆண்டுதோறும் விவாதத்துக்கு வருவதை இங்கு நினைவுகூரலாம்.

கேரளத்தை மட்டும் இதற்காகச் சுட்டுவது நியாயமாகாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018 ஆம் ஆண்டுத் தேர்வு முதல் பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வையும் உள்மதிப்பீட்டையும் சேர்த்து 33 சதவீதம் பெற்றால் போதும் என்று தளர்த்தியது. உள்மதிப்பீட்டில் 20 பெற்றவருக்கு எழுத்துத் தேர்வில் 80 க்கு 13 போதுமானது. கேரளத்தின் பழைய விதிக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அதே வாரியம் பன்னிரண்டாம் வகுப்பில் மட்டும் எழுத்துத் தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் தனித்தனியே 33 சதவீதம் கேட்கிறது.

எதிர்ப்பும் அதன் நியாயமும்

புதிய விதியைக் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் உள்ளிட்ட சில அமைப்புகள் எதிர்த்தன. கற்பித்தலில் உள்ள குறைக்கு மாணவரைத் தண்டிப்பதாக இது முடியும், பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளே முதலில் வெளியே தள்ளப்படுவர் என்பது அவர்களுடைய அச்சம். 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி வயநாட்டு மக்களில் ஏறத்தாழ 18.5 சதவீதத்தினர் பழங்குடியினர். அவர்தம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி வேறு, பாடநூல் மொழி வேறு. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 59 கல்வி வாரியங்களின் 2023 ஆம் ஆண்டு முடிவுகளை மத்திய கல்வி அமைச்சகம் ஆராய்ந்தபோது, பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலுமாக 65 லட்சத்துக்கு மேற்பட்டோர் அடுத்த நிலைக்குச் செல்லவில்லை என்று தெரியவந்தது. பத்தாம் வகுப்பில் மாநில வாரியங்களில் தவறியோர் 16 சதவீதம். மத்திய வாரியங்களில் 6 சதவீதம். இந்தத் தொகையில் மேலும் ஆட்களைச் சேர்க்கும் விதி எதுவாயினும் அதனை ஐயத்துடன் நோக்குவது முறையே.

ஆனால் கேரள விதியின் பயன், 30 என்ற எண்ணைவிட, அந்த எண்ணை எட்டாதவருக்கு அடுத்த வாரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. எட்டாம் வகுப்பின் முதல் முடிவுகள் 2025 ஏப்ரலில் வெளிவந்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாணவர்கள் குறைந்தது ஒரு பாடத்திலாவது வரம்பை எட்டவில்லை. அவர்களுக்குக் கோடை விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு வாரம் குறைதீர் வகுப்புகள் நடத்தி, தவறிய பாடத்தில் மட்டும் மறுதேர்வு வைக்கப்பட்டது. அதிலும் வரம்பை எட்டாதவர் எட்டாம் வகுப்பிலேயே நிறுத்தப்படாமல், ஒன்பதாம் வகுப்புக்கு அனுப்பப்பட்டுத் தொடர்ந்து உதவி பெறுவர் என்று அறிவிக்கப்பட்டது.

ஐந்தில் ஒருவர் என்னும் இந்தக் கணக்கே விதியின் முதற் பலன் எனலாம். முந்தைய முறையில் இம்மாணவர்கள் எவருடைய கண்ணிலும் படாமல் மேல் வகுப்புக்குச் சென்றிருப்பார்கள். ஆனால் ஏழெட்டு ஆண்டுகளாகத் தேங்கிய வாசிப்புக் குறையையும் கணக்குக் குறையையும் இரண்டு வாரத்தில் தீர்க்க இயலுமா என்பது வேறு வினா. விதியை மாற்றும் அரசாணைக்கு ஒரு தாள் செலவாகும். கூடுதல் கற்பித்தலுக்கு ஆசிரியர் நேரம், பயிற்சி, போக்குவரத்துப் படி, மதிய உணவு என ஆண்டுதோறும் செலவாகும். வரவுசெலவுத் திட்டத்தில் பின்னது சுருங்கினால், முன்னது வடிகட்டும் கருவியாக மாறிவிடும். உள்மதிப்பீட்டை ஆசிரியர் எவ்வாறு வழங்குகிறார் என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாடும் இதே அளவு அவசியமானது. எழுத்துத் தேர்வுக்கு மட்டும் காவல் வைத்து, தொடர் மதிப்பீட்டைப் பழையபடியே விட்டுவிட்டால், அந்த 20 மதிப்பெண் வெறும் சடங்காகவே தொடரும்.

தேசிய அளவில் சீர்திருத்தம் வேறு திசைகளிலும் நடைபெறுகிறது. 2020 ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் பரிந்துரைக்கு ஏற்ப, மத்திய வாரியம் 2026 ஆம் ஆண்டிலிருந்து பத்தாம் வகுப்புக்கு இரு பொதுத்தேர்வுகளை வகுத்தது: பிப்ரவரித் தேர்வு கட்டாயம், மே மாதத் தேர்வில் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். ஒரே பிப்ரவரி வாரத்துக் காய்ச்சல் ஒருவருடைய ஓர் ஆண்டை விழுங்காமல் இது காக்கும். தேசிய மதிப்பீட்டு மையமான 'பரக்' 2024 இல் அளித்த அறிக்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் ஒன்பதாம் வகுப்புக்கு 15, பத்துக்கு 20, பதினொன்றுக்கு 25, பன்னிரண்டுக்கு 40 சதவீதம் என நான்கு ஆண்டு உழைப்பையும் சேர்க்கலாம் என்றது. கருத்து நன்று. ஆனால் பள்ளி வழங்கும் மதிப்பெண்ணை நம்ப முடியாத இடத்தில், நான்கு ஆண்டு மதிப்பெண்களைச் சேர்ப்பது நம்பகத்தைக் கூட்டாது.

கேரளத்தில் முதல் தொகுதி மாணவர்கள் எந்தப் பாடத்தில், எந்த அலகில் தவறினர் என்ற விவரம் பள்ளிகளிடம் உள்ளது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஆசிரியர்களின் வாராந்திரக் கால அட்டவணையில் அம்மாணவர்களுக்கென எத்தனை பாடவேளை ஒதுக்கப்படுகிறது என்பதை மாவட்டக் கல்வி அலுவலர்கள் பள்ளிவாரியாகக் கேட்டுப் பதிவு செய்யலாம். தேர்ச்சி விகிதம் வெளிவரும் மே மாதத்துக்கு முன்பே இந்த விதி எவ்வாறு நடைமுறையாகிறது என்பதை அப்பதிவு காட்டிவிடும்.