தோல் நிற்கச் சுளையை எடுத்தல்

இரவில் நான்கு முறை எழுந்து கோடிப்புறம் போய்வரும் முதியவர்களை நாம் அறிவோம். கேட்டால், "வயது போனால் இப்படித்தான்" என்பார்கள். மனைவியிடங்கூடச் சொல்ல நாணுவார்கள். ஒருநாள் சலம் அறவே அடைத்து வேதனையிலே துடிக்கும்போதுதான் வீடு விழித்துக்கொள்ளும்.

ஆண்களுக்குச் சலப்பையின் கீழே, சலவழியைச் சுற்றிப் புரொஸ்ரேற் என்னுஞ் சுரப்பி ஒன்றுண்டு. வாலிபத்திலே ஏறக்குறைய 20 கிராம் நிறையுள்ள இது, வயதேற உட்புறம் தடித்துச் சலவழியை நெரிக்கின்றது. இத்தடிப்புப் புற்றுநோயன்று. பலருக்கு மாத்திரையே போதும். ஆனால் சலம் மீண்டும் மீண்டும் அடைத்தாலோ, பையிற் கல் விளைந்தாலோ, சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கினாலோ சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுதல் தகாது. நெடுங்காலம் முக்கிச் சலங்கழித்த பையின் தசை சோர்ந்துவிடும். பின்னர் வழியைத் திறந்தும் பயன் குறைவு.

சுரப்பி முழுவதையும் வெட்டி எறிவார்களென அஞ்சுவோர்க்கு ஒரு தோடம்பழத்தை நினைவூட்டுகின்றோம். தோல் இருந்த இடத்திலேயே இருக்கும். சுளை மட்டும் வெளியே வரும். 1900 ஆம் ஆண்டிலே லண்டனிற் பீற்றர் பிறேயர் என்னும் ஐரிஷ் வைத்தியர், அடிவயிற்றையும் சலப்பையையும் திறந்து, விரலாலேயே சுளையைப் பெயர்த்தெடுத்துப் புகழ்பெற்றார். 1945 இல் ரெறன்ஸ் மிலின் சலப்பையைத் திறவாமலே சுரப்பியை அடையும் முறையை வெளியிட்டார். மிகப் பெருத்த சுரப்பிகளுக்கு இத்தகைய முறைகள் இன்றும் கைகொடுக்கின்றன.

இக்காலத்திற் பெரும்பாலும் வயிற்றிற் கத்தி படுவதில்லை. சலவழியே கருவியைச் செலுத்தி, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தினாற் சிறிது சிறிதாகச் சீவி எடுப்பர். முன்னர் உபயோகித்த உப்பில்லாத கழுவுநீர் இரத்தத்திற் கலந்து சிலருக்கு ஆபத்து விளைத்ததுண்டு. உப்புக்கரைசலோடு இயங்கும் புதிய கருவிகளால் அவ்வச்சம் நீங்கியது. ஹொல்மியம் லேசர் கதிரோ பிறேயரின் விரல் செய்த வேலையையே செய்கின்றது. பெருத்த சுரப்பிக்கும் அது ஏற்றது. ஆனால் பழகிய கை வேண்டும்.

ஒன்றை முன்னரே கேட்டறிதல் நன்று. சீவியெடுத்தபின் பலருக்கு விந்து வெளிவராது சலப்பைக்குட் செல்லும். ஆண்மை பெரும்பாலும் குன்றாது. எனினும், சொல்லாமல் விட்டால் மனம் உடைவார்கள். நீராவி செலுத்திச் சுருக்கும் முறையில் இக்குறை அரிது; சலவழி திறப்பதும் அவ்வளவு குறைவே.

சிகிச்சைக்குப்பின் சில வாரங்கள் சலத்திற் செந்நிறந் தோன்றலாம். பாரந் தூக்கலாகாது. எஞ்சிய தோலிலே புற்றுநோய் தோன்ற இடமிருப்பதால், வைத்தியர் குறித்த நாளிற் போய்க் காட்டிவரவும் வேண்டும்.