சட்டைப் பையில் ஒரு சீட்டு

மந்தைவெளியில் எனக்கும் அவனுக்கும் ஒரே ரூம். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். சி.ஏ. இன்டரில் மூன்றாவது தடவையும் கோட்டை விட்டதும் பையன் பேச்சை நிறுத்திவிட்டான். ஒரு ராத்திரி, "இருந்து என்னண்ணா பண்ணப் போறேன்?" என்றான்.

எனக்குத் தூக்கம் போச்சு. தி.நகரில் ஒரு டாக்டர், அடையாறில் ஒரு கவுன்சிலர், அப்புறம் இன்னொரு இடம். எங்கே போனாலும், "முதல்லேர்ந்து சொல்லுங்க!" மூன்றாவது இடத்தில் எழுந்துவிட்டான். "நான் என்ன கதாகாலட்சேபமா பண்றேன்? வாங்கண்ணா, போலாம்!"

ரேஷன் வாங்கக்கூட ஒரு கார்டு இருக்கிறது. உயிருக்கு இல்லையா?

இருக்கிறது, ஸார். தி.நகர் டாக்டரிடம் திரும்பப் போனபோது ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "தம்பி, நீங்களே எழுதுங்க." ஆறு விஷயம். மனசு கவிழ்வதற்கு என்ன அறிகுறி? தனியாகச் சமாளிக்க என்ன செய்வாய்? மனசை மாற்ற எங்கே, யாரிடம் போவாய்? உதவி என்று யாரைக் கூப்பிடுவாய்? எந்த டாக்டர், எந்த ஹெல்ப்லைன்? ஆபத்தானவற்றை அறையிலிருந்து யார் அப்புறப்படுத்துவது? ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறையாம்.

கூடவே தொடர்பு அறுந்துபோகக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் நம்ம சென்னை உள்பட ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பிறகு தற்கொலையால் இறந்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, 18 மாதம் விடாமல் விசாரித்தவர்களில்? 0.2 சதவீதம்தான்!

சரி, சீட்டின் காப்பி யாருக்கு? 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்கிறது. சிகிச்சைக்காக மற்ற டாக்டர்களிடம் பகிரவும் இடம் தருகிறது. ஆனாலும் பையனைக் கேட்டார் டாக்டர். "உங்களுக்கு ஒண்ணு, அடையாறுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு. ஆபீஸுக்கு வேணாம். அப்பாவுக்கு நானே சொல்லிக்கறேன்" என்றான். அசல் அவன் சட்டைப் பையில்.

அதில் இரண்டு நம்பர். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா': 044-24640050. 2022-ல் வந்த அரசின் டெலி மானஸ்: 14416. முன்பின் தெரியாத குரலிடம்கூடச் சீட்டைப் பார்த்துப் படித்தால் போதும். கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

போன வாரம் சட்டையைத் துவைத்ததில் சீட்டு கூழாகிவிட்டது. அவனே உட்கார்ந்து புதுசா எழுதினான். நாலாவது வரியில் என் பெயர். பக்கத்தில், 'தூங்கினாலும் எழுப்பு' என்று ஒரு குறிப்பு.

எழுப்பட்டும், ஸார்!