மின்வேலியின் உயிர் மண்ணில்

மலேசியாவின் ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்த காலத்தில், காலையில் ஓட்டிப் போகவும் மாலையில் திருப்பிக் கொண்டுவரவும் வீட்டில் யாராவது இருந்தார்கள். இன்று மேய்க்க ஆளில்லை. செம்பனைக்கு நடுவே மாடு மேயவேண்டுமானால், அந்த ஆளின் வேலையைக் கம்பிதான் செய்யவேண்டும்.

முள்கம்பி இதற்குச் சரிவராது. கரையோர உப்புக்காற்றில் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் போய்த் துருவேறும். பசுவின் மடியைக் கிழிக்கும். நினைத்தபோது இடம் மாற்றவும் முடியாது. மாடுகள் ஒரே இடத்தில் நின்றால் மண் இறுகிப்போகும், இளம் செம்பனைக் கன்றுகளின் மட்டையையும் கடித்துவிடும். புல் தழைத்த பகுதிக்கு மந்தையை நகர்த்திக்கொண்டே இருக்க, சுருட்டி எடுக்கக்கூடிய மின்வேலியே ஏற்றது. 1930களில் நியூசிலாந்தின் பில் கல்லகர் வளர்த்தெடுத்த கருவி இது.

சூரியத்தகடும் பேட்டரியும் இயக்கும் சிறு பெட்டி, ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை சில ஆயிரம் வோல்ட் துடிப்பைக் கம்பிக்குள் அனுப்புகிறது. துடிப்பு நீடிப்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் சுரீரென்று வலிக்கும், உயிர் போகாது. ஈரமூக்கை நீட்டி முகர்ந்து பார்க்கும் மாடு அந்த அடியை எளிதில் மறக்காது. ஆனால் அடி விழவேண்டுமானால் மின்சாரம் மாட்டின் குளம்பு வழியே மண்ணில் இறங்கி, எர்த் கம்பியில் ஏறிப் பெட்டிக்குத் திரும்பவேண்டும். பலர் கம்பிக்குச் செலவழித்துவிட்டு எர்த்துக்கு ஒரு துருப்பிடித்த குழாயை நட்டு முடித்துவிடுகிறார்கள். வேலி தோற்பது பெரும்பாலும் அங்கேதான். இரண்டு மீட்டர் நீளத்தில் மூன்று எர்த் கம்பிகளாவது, மூன்று மீட்டர் இடைவெளியில் மண்ணில் இறங்கவேண்டும். கரையோர ஈரக் களிமண் இதற்கு நல்ல துணை. ராஜா மூசா பக்கத்துக் கரிமண் வறண்டால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதில் தூணும் சாயும்.

பெரிய மாட்டுக்கு மூக்குயரத்தில் ஒரு கம்பி போதும். கன்று இருந்தால் கீழே இன்னொன்று. ஆட்டுக்கு இது போதாது, வலைதான் வேண்டும். மழைக்குப் பின் கொடிகள் கம்பியில் ஏறினால் மின்சாரம் அவற்றின் வழியே மண்ணுக்குக் கசியும். ஆகவே வேலியோரம் வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் மாண்டன. முறையான பெட்டி வைத்தாலும், நீண்ட அலுமினியக் கம்போடு குலை வெட்டப் போகிறவர்களுக்கு வேலி ஓடும் பாதையை முன்கூட்டியே காட்டிவிடவேண்டும்.