அல்பேனியா: உழைத்துச் சேர்த்ததும் வட்டியில் இழந்ததும்



ஐரோப்பாவில் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் நாடு எது என்று கேட்டால், பொஸ்னியா என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள அல்பேனியாவும் அத்தகைய நாடே. அதன் பரப்பு 28,748 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பாதியிலும் குறைவு. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சனத்தொகை சுமார் 24 இலட்சம். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முஸ்லிம்கள்.

இந்நாட்டை 1944 முதல் கம்யூனிஸ்டுகள் ஆண்டனர். தலைவர் என்வர் ஹோஜாவின் ஆட்சியில், 1967இல் மதமே தடைசெய்யப்பட்டது, பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. 1990 நவம்பரில்தான் ஷ்கோடர் நகரில் மக்கள் மீண்டும் பகிரங்கமாக ஜும்ஆத் தொழுதார்கள். பொருளாதாரத்திலும் நாடு கதவடைத்தே இருந்தது. முதலாளித்துவ நாடுகளிடம் கடன் வாங்குவதை 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பு தடுத்தது.

இத்தனைக்கும் அது வளமில்லாத நாடல்ல. நம் சமையலறையில் துருப்பிடிக்காமல் மின்னும் பாத்திரங்களுக்குக் குரோமியம் என்ற உலோகம் வேண்டும். அது புல்கிஸா மலைச் சுரங்கங்களில் கிடைக்கிறது. பாத்தோஸ்-மரின்ஸாவில் பெரிய எண்ணெய் வயல் உண்டு. மின்சாரம் பெரும்பாலும் திரின் ஆற்று அணைகளிலிருந்து வருகிறது. மழை பொய்த்தால் வெளிநாட்டிலிருந்து மின்சாரம் வாங்க வேண்டியதுதான்.

இன்று ஏற்றுமதியில் முக்கிய இடம் பிடித்திருப்பது ஆடையும் பாதணியும். துணியும் தோலும் இத்தாலியிலிருந்து வரும். அல்பேனியப் பெண்கள் தைத்துக் கொடுப்பார்கள். பொருள் இத்தாலிக்கே திரும்பிப் போகும். இவர்களுக்குக் கிடைப்பது தையற்கூலி மட்டுமே. நமது ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த சகோதரிகளுக்கு இந்தக் கதை புதிதல்ல.

1991இல் கம்யூனிஸ்ட் ஆட்சி சரிந்ததும் இலட்சக்கணக்கானோர் இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் பிழைக்கப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணம் வீடுகளில் சேர்ந்தது. வங்கிகளோ பலவீனமாக இருந்தன. அந்த நேரத்தில்தான் வைப்புப் பணத்துக்குப் பெரும் வட்டி தருவதாகச் சில நிறுவனங்கள் முன்வந்தன.

1996இல் அவை ஒன்றோடொன்று போட்டியிட்டன. ஒரு நிறுவனம் மாதம் 30 வீதம் என்றது. இன்னொன்று மூன்றே மாதத்தில் பணத்தை மும்மடங்காக்குவதாகச் சொன்னது. மக்கள் வீட்டை விற்றார்கள். விவசாயிகள் மாட்டையும் ஆட்டையும் விற்றார்கள். நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பணம் போட்டனர். உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் எச்சரித்தும் பலன் இல்லை.

அந்த வட்டி எங்கிருந்து வந்தது? சில நிறுவனங்களுக்குக் கடைகளும் வேறு தொழில்களும் இருந்தன. ஆனால் அவற்றின் இலாபம் இந்த வட்டிக்குக் காணாது. பின்னால் வந்தவர் போட்ட முதலே, முன்னால் வந்தவருக்கு வட்டியாகப் போனது. புதிதாகப் பணம் போட ஆளில்லாத நாளில் எல்லாம் நின்றுவிடும். 1996 நவம்பரில் ஒரு நிறுவனம் கொடுப்பனவை நிறுத்தியது; 1997 ஜனவரியில் சரிவு தொடங்கியது. நிறுவனங்கள் பொறுப்பேற்றிருந்த தொகை சுமார் 120 கோடி அமெரிக்க டொலர், அதாவது நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி. மக்கள் தெருவில் இறங்கினர். ஆயுதக் களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன. சுமார் 2,000 பேர் உயிரிழந்தனர். இத்தாலி தலைமையிலான பன்னாட்டுப் படை ஐ.நா. அனுமதியுடன் வந்திறங்க வேண்டியதாயிற்று.

பின்னர் நாடு மெல்ல எழுந்தது. சுரங்கமும் தையலும் விவசாயமும் வெளிநாட்டு உழைப்பும் கைகொடுத்தன. 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பாளர் நாடானது. 2023இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் அங்கு வந்து சென்றனர்.

சகோதரிகளே, வட்டியை மார்க்கம் ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுத்தது என்பதை அந்த மக்கள் பட்டறிந்தார்கள். கணவரோ மகனோ வெளிநாட்டில் வியர்வை சிந்தி அனுப்பும் பணம் பல வீடுகளில் உங்கள் கையில்தான் இருக்கிறது. தெரிந்தவர், சொந்தக்காரர், நல்லவர் என்று யார் வந்து ஆசை காட்டினாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த இலாபம் எந்த வியாபாரத்தில் வருகிறது?” இன்னும் ஆட்களைச் சேர்த்தால் வரும் என்பது பதிலானால், பணத்தை எடுக்காதீர்கள். இலங்கையிலும் இத்தகைய பிரமிட் திட்டங்கள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை.

நம் ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!