கோடையும் தேன்கூடும்

தேனடையைப் பழந்தமிழர் ‘இறால்’ என வழங்கினர். தேனீயைக் குறிக்கவும் ‘தேன்’ என்னும் சொல்லை ஆண்டனர். திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் ‘அந்நஹ்ல்’, அதாவது ‘தேனீ’ என்றே பெயர் பெற்றுள்ளது. நூல்களில் நாம் போற்றிப் பயிலும் இச்சிற்றுயிர், சித்திரை வைகாசி வெயிலில் நம் கொங்கு மண்ணில் எவ்வாறு உயிர் தரிக்கின்றது என்பதை அறிதல் தகும்.

கூட்டில் புழுக்கள் வளரும் பகுதி ஏறத்தாழ 33 முதல் 36 பாகை செல்சியசு வெப்பத்தில் இருத்தல் வேண்டும். வெப்பம் அதனினும் மிகுந்து நீடிப்பின் குஞ்சுகள் மடியும்; பிழைப்பனவும் ஊனமுறும். கோவையில் ஏப்ரல், மே மாதப் பகற்பொழுது இவ்வெல்லையைப் பலகால் தொடுகின்றது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் 38 பாகையையும் தாண்டுவதுண்டு.

அவ்வேளையில் பணித்தேனீக்கள் சில, நீர்நிலை நாடிச் சென்று வயிற்றிலுள்ள தேன்பையில் நீர் சுமந்து வருகின்றன. கூட்டிலுள்ளவை அதனை வாங்கி அடையின் அறைகளில் மெல்லிய படலமாகப் பூசுகின்றன. வேறு சில வாயிலில் நின்று சிறகுகளை விசிறிக் காற்றை ஓட்டுகின்றன. நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்வதால் கூடு குளிர்கின்றது. மண்பானை நீர் குளிர்வதும் இந்நெறியாலேயே ஆகும். உள்ளே நெரிசல் குறையப் பல தேனீக்கள் வெளியே வந்து கொத்தாகத் தொங்குவதும் உண்டு.

இம்முயற்சிக்கு விலையும் உண்டு. நீர் சுமக்கும் தேனீ அப்பொழுது பூந்தேன் சுமப்பதில்லை. பூக்கள் அருகும் நாளில் சேமிப்புக் கரைகின்றது. இராணி முட்டையிடுதலும் குறைகின்றது. 40 பாகையளவில் மெழுகு இளகுவதால், தேன் நிறைந்த புதிய அடை அறுந்து விழவும் கூடும். நீரும் உணவும் அற்றவிடத்து, நம் நாட்டு அடுக்குத் தேனீ கூட்டையே துறந்து குடிபெயரும். 1990களின் தொடக்கத்தில் பரவிய ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோயால் தென்னாட்டில் பேரழிவு கண்ட இனம் இதுவே.

தேனீ குறைந்தால் குறைவது தேன் மட்டுமன்று. முருங்கையும் சூரியகாந்தியும் காய்த்து விளைய மகரந்தம் சுமப்பது தேனீயே. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளும் அதனால் பயன் பெறுகின்றன.

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளித்து வருகின்றது. பெட்டி வைத்திருப்போர் அதனை மரநிழலில் வைத்தல் வேண்டும். உச்சிப் பொழுதில் திறத்தலும், தேன் முழுவதையும் எடுத்தலும் ஆகா. பயிர்க்கு மருந்து தெளிப்போர் பூக்கும் பருவத்தைத் தவிர்த்தல் நன்று; இயலாதவிடத்துத் தேனீக்கள் கூடடைந்த மாலைப்பொழுதே ஏற்றது.

பெட்டி இல்லாதாரும் செய்யத்தக்க அறம் ஒன்றுண்டு. அகன்ற மண்சட்டியில் கூழாங்கற்களைப் பரப்பி, அவை மூழ்காவண்ணம் நீரூற்றி நிழலில் வைக்கலாம். தேனீ கல்லின்மேல் அமர்ந்து, மூழ்காது நீர் பருகும். நாள்தோறும் அந்நீரை மாற்றினால் போதும், கொசுவும் பெருகாது.