தேங்காய்ப்பால் யோகட் தயிருக்கு ஈடாகுமா?

பாண்டிருப்பில் எங்கள் வீட்டில் சட்டித் தயிர் இல்லாத விசேடம் இல்லை. அக்காவின் மகனுக்குப் பசுப்பால் புரதம் ஒவ்வாமை என்று வைத்தியர் சொன்னதும் அது நின்றது. எருமைப்பாலிலும் அதையொத்த புரதங்களே உள்ளன. "தேங்காய்ப்பால் யோகட் கொடுத்தால் போதுமா?" என்று அக்கா கேட்டார்.

போதாது. புளிக்க வைக்கும் முறை ஒன்றாக இருந்தாலும், சத்து மூலப்பொருளைப் பொறுத்தது. 100 கிராம் பால் தயிரில் 3 முதல் 4 கிராம் வரை புரதமும், சுமார் 120 மில்லிகிராம் கல்சியமும் உண்டு. தேங்காய்ப்பால் யோகட்டில் புரதம் பெரும்பாலும் 1 கிராம் அளவுதான், கொழுப்பே அதிகம். சோயா யோகட் புரதத்தில் தயிரை நெருங்கும். ஆனால் இரண்டிலும் கல்சியமும் விற்றமின் பி12-உம் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். வாங்குமுன் லேபலில் இவற்றையும் சீனியின் அளவையும் பாருங்கள்.

பால் குடித்தால் வயிறு ஊதுவது வேறு. அது லக்டோஸ் செரிக்காமை. தயிரிலுள்ள பக்டீரியாக்கள் லக்டோஸின் ஒரு பகுதியைச் சிதைப்பதால், அத்தகைய பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். அவர்கள் விலை கூடிய மாற்று யோகட்டைத் தேடத் தேவையில்லை.

2022 நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றவர்கள் நாம். ஒரு கோப்பை யோகட்டுக்குக் கொடுக்கும் காசு வீணாகக் கூடாது. முள்ளோடு உண்ணும் நெத்தலியில் கல்சியம், புரதம், பி12 மூன்றும் உண்டு. முட்டையும் பருப்பும் புரதம் தரும். மருமகனின் தட்டில் இப்போது இவைதான் முதலில். தேங்காய்ப்பால் யோகட் ருசிக்கு மட்டும்.